பழகிய பாட்டே போதும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து நாம் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்த வேளையில், இளந்தாய் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நம்மிடம் வந்தாள். குழந்தைக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. “சாமி, சென்னையில எங்க நாத்தனா பிள்ளைய பாட்டு வகுப்புக்குக் கொண்டுபோறாங்களாம். பத்து மாசப் பிள்ளைக்கு! அதுக்கு மாசாமாசம் பணம் வேற கட்டணுமாம். நம்ம விளாத்திகுளத்துல அதெல்லாம் இல்லையே. எம்பிள்ள அறிவுல பின்தங்கிப் போயிருமோ?” என்று கேட்டாள். கேட்பவர் சிரிக்கக்கூடிய கேள்விதான். ஆனால் அவள் முகத்தில் மெய்யான கவலை இருந்தது.

“நீ உன் பிள்ளைக்கு என்ன பாடுகிறாய், அம்மா?” என்று வினவினோம். அவள் நாணத்துடன் தலைகுனிந்தாள். “நான் என்னத்தப் பாடுறது சாமி? எங்க ஆச்சி பாடுனதுல ரெண்டு மூணு ஞாபகம் இருக்கு. அதெல்லாம் இப்ப யாரு பாடுறா? போன்ல இங்கிலீஷ் பாட்டு போட்டு விட்டுருவேன்” என்றாள்.

அன்று அவளுக்குச் சுருக்கமாகவே விடை கூறி அனுப்பினோம். ஆயினும் இது ஒரு தாயின் கேள்வி மட்டும் அன்று. நம் இல்லங்கள் பலவற்றில் எழுந்துகொண்டிருக்கும் கேள்வி. எனவே இம்மாதம் அதையே சற்று விரிவாகச் சிந்திப்போம்.

பெருநகரங்களில் நடைபெறும் அந்த வகுப்புகள் எத்தகையவை? தாயோ தந்தையோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் வட்டமாக அமர்கின்றனர். ஆசிரியை பாடுகிறார், பெற்றோர் உடன் பாடுகின்றனர். கைதட்டுதல், ஆடுதல், கிலுகிலுப்பை ஆட்டுதல் ஆகியவை பாட்டோடு சேர்ந்து நடைபெறுகின்றன. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நல்ல ஆசிரியை எவரும் வாரந்தோறும் புதுப்பாட்டுகளைக் கொண்டுவந்து குவிப்பதில்லை. வரவேற்கும் பாட்டு ஒன்று, விடைபெறும் பாட்டு ஒன்று, இடையில் நான்கைந்து பாட்டுகள் என்று அதே பாட்டுகளையே மீண்டும் மீண்டும் பாடுகிறார். அவற்றை வீட்டிலும் பாடுமாறு பெற்றோரை வேண்டுகிறார். அவ்வகுப்பின் உயிர்நாடி புதுமையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கமோ, எந்தக் கட்டணமும் இன்றி, நம் தொட்டிலின் அருகிலேயே இருக்கின்றது.

இவ்வுண்மையை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு தவற்றின் வழியாகக் கற்றோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பங்கில் நாம் பணியாற்றிய காலம். காட்டு வேலைக்குச் செல்லும் தாய்மாரின் சிறு குழந்தைகளுக்காக அங்குக் கோயிலை ஒட்டி ஒரு காப்பகம் நடைபெற்றது. மிளகாய்ப் பழம் பறிக்கவும், பருத்தி எடுக்கவும், கரிமூட்டத்தில் வேலை செய்யவும் செல்லும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கு விட்டுச் செல்வார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அறுபது வயது கடந்த ஆயா ஒருவர். எழுத்தறியாதவர். அவருக்குத் தெரிந்தவை ஏழெட்டுப் பாட்டுகள்: தாலாட்டு ஒன்று, நிலாவை அழைக்கும் பாட்டு ஒன்று, கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு, உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டுப் பாட்டு. நாள் முழுவதும் அவற்றையே பாடிக்கொண்டிருப்பார்.

நமக்கோ அப்போது சீர்திருத்த வேகம். நம் ஏழைப் பிள்ளைகளுக்கும் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் இருந்தது. காப்பகத்தைக் காண வரும் விருந்தினர் முன் ஆயாவின் பாட்டு நாட்டுப்புறமாய் ஒலிக்கிறதே என்ற சிறு வெட்கமும் அந்த எண்ணத்தோடு கலந்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். ஒலிபெருக்கியுடன் கூடிய பாட்டுப் பெட்டி ஒன்றையும், ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள் அடங்கிய குறுந்தகடுகளையும் வாங்கி வந்தோம். காலை முதல் அவற்றையே ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று ஆயாவுக்குக் கட்டளையிட்டோம். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. “சரி சாமி” என்றார்.

முதல் இரண்டு நாள்கள் பிள்ளைகள் பெட்டியை வியந்து பார்த்தனர். பிறகு அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் காலையில் தாயைப் பிரியும் வேளையின் அழுகை நீண்டுகொண்டே போனது. அவர்களுள் ஒன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தாய் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டாள். பாட்டிதான் அவனைக் கொண்டுவந்து விடுவார். அவன் விக்கல் எடுக்கும்வரை அழுவான். பெட்டியோ தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலை நாம் அறிவிக்காமலே காப்பகத்தின் பக்கம் சென்றோம். பெட்டி ஓய்ந்திருந்தது. சன்னல் வழியே பார்த்தோம். ஆயா அச்சிறுவனை மடியில் இருத்தி, அவன் உள்ளங்கையில் தம் விரலால் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார், மெல்லப் பாடிக்கொண்டுமிருந்தார். சிறுவனின் விம்மல் இன்னும் அடங்கவில்லை. பாட்டின்படி ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி முடிந்தது. அடுத்து ஆயாவின் விரல்கள் அவன் கைவழியே மேலேறிக் கிச்சுகிச்சு மூட்ட வேண்டும். அந்த இடம் வருமுன்னரே, கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய, சிறுவன் தன் சட்டைக் கையை இழுத்து மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினான்.

அடுத்து வருவது இன்னதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தாய் எப்போது வருவாள் என்பது தெரியாத உலகில், இந்தப் பாட்டில் இதற்குப் பிறகு இது வரும் என்ற ஒன்று மட்டும் அவனுக்கு உறுதியாய்த் தெரிந்திருந்தது. பின்னர் விசாரித்தபோது, அவன் பாட்டியும் வீட்டில் அதே பாட்டைத்தான் பாடுவார் என்று அறிந்தோம். அன்றே பாட்டுப் பெட்டியை எடுத்துக் கிடங்கில் வைத்தோம்.

பழகிய பாட்டு குழந்தைக்கு ஏன் இத்துணை ஆறுதல் தருகிறது? அறிவியலாரும் இதை ஆராய்ந்துள்ளனர்.

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதத்தை ஒட்டிச் செவிப்புலன் செயற்படத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்பதை அமெரிக்க அறிஞர்களான டிகாஸ்பரும் பைஃபரும் 1980-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். சப்பும் ரப்பர்க் காம்பைக் குழந்தை ஒருவிதமாய்ச் சப்பினால் தாயின் குரலும், வேறுவிதமாய்ச் சப்பினால் வேறொருத்தியின் குரலும் கேட்குமாறு அவர்கள் அமைத்திருந்தனர். சிசுக்கள் தாயின் குரல் வரும் வகையில் சப்பக் கற்றுக்கொண்டன! 2013-இல் பின்லாந்து நாட்டில் நடந்த ஆய்வில், கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் தாய்மார் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தனர். பிறந்தவுடனும், பின் நான்காம் மாதத்திலும், அம்மெட்டைக் கேட்டபோது அக்குழந்தைகளின் மூளை அதை அறிந்த ஒன்றாய் எதிர்கொண்டது. தொட்டிலில் இடுமுன்பே பாட்டு பழகத் தொடங்கிவிடுகிறது.

பழகிய பாட்டுக்கும் புதிய பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நேராகவே சோதித்தவர்கள் கனடா நாட்டின் டொரன்டோ நகர அறிஞர்களான சிரெல்லியும் டிரேஹப்பும் ஆவர். அவர்களது ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பெற்றோர் சிறிது நேரம் முகத்தில் அசைவே காட்டாது இருந்தபோது குழந்தைகள் கலங்கின. பின்னர் பெற்றோர் சிலர் பழகிய பாட்டைப் பாடினர், சிலர் புதிய பாட்டைப் பாடினர், சிலர் பேசினர். குழந்தைகளின் கலக்கத்தை மிகுதியும் தணித்தது பழகிய பாட்டே. நாம் சன்னல் வழியே கண்டதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

பாட்டு நட்பின் அடையாளமாகவும் விளங்குகிறது. ஐந்து மாதக் குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. முன்பின் அறியாத இருவர் இரு வேறு பாட்டுகளைப் பாடியபோது, தம் பெற்றோர் வீட்டில் பாடிய பாட்டைப் பாடியவரையே குழந்தைகள் பின்னர் நீண்ட நேரம் நோக்கின. அதே பாட்டைப் பொம்மையொன்றின் ஒலியிலிருந்து கற்ற குழந்தைகளிடம் அந்நாட்டம் காணப்படவில்லை. பாட்டு ஒன்றே, ஆயினும் ஊட்டிய கை வேறு. ‘இப்பாட்டு என் வீட்டார் பாட்டு, இதைப் பாடுகிறவர் என்னைச் சார்ந்தவர்’ என்று குழந்தை உணர்வதற்கு, அதை முதலில் ஓர் அன்பான மனிதர் முகம் பார்த்துப் பாடியிருக்க வேண்டும்.

இனி, அந்த இளந்தாய் கேட்ட வகுப்புக்கே வருவோம். 2012-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆறு மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரந்தோறும் கூடித் தாலாட்டுகளையும் அசைவுப் பாட்டுகளையும் தாமே பாடிப் பழகினர், வீட்டிலும் பாடினர். மற்றப் பிரிவினர் பின்னணியில் இசைத்தட்டு ஒலிக்கப் பொம்மைகளை வைத்து விளையாடினர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உடன் பாடிய பிரிவின் குழந்தைகள் சுட்டிக் காட்டுதல், கையசைத்து விடைகொடுத்தல் போன்ற பேச்சுக்கு முந்திய அறிகுறிகளில் மேம்பட்டிருந்தனர், மிகுதியாகப் புன்னகைத்தனர், அழும்போது எளிதில் தேறினர். நன்மை வகுப்பறைச் சுவரில் இல்லை. பெற்றோர் தம் வாயால் பாடியதில் இருந்தது.

அதே வேளையில் மிகையான எதிர்பார்ப்பும் வேண்டா. மோட்சார்ட் இசையைக் கேட்ட குழந்தை மேதையாகும் என்று ஒரு காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்கவே முன்வந்தார். ஆனால் அப்பேச்சுக்கு மூலமான 1993-ஆம் ஆண்டு ஆய்வு குழந்தைகளிடம் நடத்தப்பட்டதே அன்று. கல்லூரி மாணவரிடம் நடந்தது. அவர்களிடம் கண்ட சிறு முன்னேற்றமும் சில நிமிடங்களில் மறைந்துவிட்டது. பாட்டு குழந்தையை மேதையாக்கும் என்று நாம் கூறவில்லை. அஞ்சாத குழந்தையாக, பிறரோடு ஒட்டி உறவாடும் குழந்தையாக, அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கக் கற்ற குழந்தையாக வளர அது துணைசெய்யும். அஃது என்ன சிறிய பேறா?

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நாக்கைக் குறிக்கும் ‘தால்’ என்ற சொல்லிலிருந்தே ‘தாலாட்டு’ எனும் பெயர் வந்தது என்பர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தை தலைநிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், தாலாட்டுக்குரிய ஏழாம் மாதத்தைத் தால் என்றும், கைகொட்டும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும் வகுத்தனர். எந்தப் பருவத்துக்கு எந்த விளையாட்டு ஏற்றது என்பதை அவர்கள் ஒவ்வொரு வீட்டுத் தாயிடமும் பார்த்தே கற்றிருக்க வேண்டும்.

நம் முத்துக்குளித்துறை தரும் சான்றும் ஒன்று உண்டு. 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. பிறர் துணையால் செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டி, அவற்றையே நாள்தோறும் ஓதச் செய்தார். சிறுவர் அவற்றைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தனர். தம்மை உண்ணவும் உறங்கவும் விடாது அவர்கள் நச்சரித்ததாக அவரே தம் மடலில் எழுதியுள்ளார். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பதில் குழந்தைக்குச் சலிப்பில்லை. சலிப்பு பெரியவர்களாகிய நமக்குத்தான்.

விளாத்திகுளத்தின் பெயரைத் தமிழ் இசையுலகம் அறிந்தது நல்லப்ப சுவாமிகளால். 1889 முதல் 1965 வரை வாழ்ந்த அப்பெரியார், சாகித்தியமின்றி ஒரே இராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்வதில் வல்லவர். இடைசெவல் எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவர் இசையில் தோய்ந்தவர்கள். சொல்லே இல்லாமலும் இசை உள்ளத்தோடு பேசும் என்பதற்கு அவர் சான்று. சொல் அறியாத சிசுவிடம் தாலாட்டும் முதலில் அவ்வாறே பேசுகிறது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலுக்குப் பாட்டுச் சேகரித்துத் தந்தவர்களுள் ஒருவர், நம் விளாத்திகுளம் வட்டாரத்தவரான எஸ்.எஸ். போத்தையா. நம் கரிசல் தாய்மார் பாடியவை அச்சேறத் தகுந்த செல்வம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். நாம் உணரவில்லை.

ஆம், நாம் உணரவில்லை. பாட்டுப் பெட்டியைக் கிடங்கில் வைத்த நாம், அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டோம். ஆயாவின் பாட்டுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதலாம், எழுதலாம் என்றிருந்தோம். மாற்றலும் வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவரது அடக்கத்துக்குச் சென்றபோது, அந்தப் பருப்புக் கடையும் பாட்டை அவர் பாடிய விதத்தில் யாருக்கேனும் தெரியுமா என்று வினவினோம். மூத்த மகள் பாதி பாடினாள். மீதி அவளுக்கு நினைவில்லை. அவள் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. ஆயாவைக் கல்லறையில் வைத்த அன்று அவரோடு வேறெவையெல்லாம் போயின என்பதை எண்ணி நாம் வருந்தினோம்.

ஆகவே, குடும்பத்தாரே, சில நடைமுறைகளைக் கூறுவோம்.

முதலாவது, பல பாட்டுகள் வேண்டா, நான்கைந்து போதும். உறங்க வைக்க ஒன்று, குளிப்பாட்ட ஒன்று, சோறூட்ட ஒன்று, விளையாட ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேளைக்கு ஒரே பாட்டு என்று பழகினால், பாட்டைக் கேட்டவுடன் அடுத்து நிகழ்வதைக் குழந்தை அறிந்துகொள்ளும், அடம் குறையும்.

இரண்டாவது, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பாடுங்கள். பழகிய பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடாமல் சற்றே காத்திருங்கள். ஒரு வயதுக் குழந்தை அவ்விடத்தில் ஓர் ஒலியை எழுப்பும். இரண்டு வயதுக் குழந்தை அச்சொல்லையே சொல்லும். பேச்சு இவ்வாறுதான் முளைக்கிறது.

மூன்றாவது, குரல் நன்றாயில்லை என்று கூச வேண்டா. தந்தையரும் பாடலாம். உங்கள் பிள்ளைக்கு உங்கள் குரலைவிட இனிய குரல் இவ்வுலகில் இல்லை.

நான்காவது, கைப்பேசியைத் தாதியாக்காதீர்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை பரிந்துரைக்கத் தக்கதன்று என்றும், அதன்பின் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மிகலாகாது என்றும் உலக நல வாழ்வு அமைப்பு 2019-இல் நெறி வகுத்துள்ளது. பிழைப்புக்காக வெளியூர் சென்ற தாயோ தந்தையோ மாலையில் கைப்பேசி வழியே அதே பாட்டைப் பாடுவது வேறு. அதை நாம் தடுக்கவில்லை.

ஐந்தாவது, ஆறு மாதம் கடந்தும் உங்கள் குரலுக்கோ பழகிய பாட்டுக்கோ குழந்தை திரும்பவில்லையெனில், ‘வளர வளரச் சரியாகும்’ என்று வாளாவிருக்க வேண்டா. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்று செவிப்புலனைச் சோதியுங்கள். முன்னரே கண்டறிந்தால் செய்யக்கூடியவை பல உள்ளன. பாட்டு இவ்வகையிலும் ஓர் உதவி.

அந்த இளந்தாய்க்கு நாம் சொன்ன விடை இதுவே: “உன் பிள்ளைக்கு வகுப்பு இல்லாமல் இல்லை, அம்மா. ஆசிரியை நீ. பாடநூல் உன் ஆச்சி.” அவள் சிரித்தாள், ஆனால் ஆச்சி படுக்கையில் இருப்பதாகவும், பேச்சு சில நாள் தெளிவாயும் சில நாள் குழறலாயும் இருப்பதாகவும் கூறினாள். “அப்படியானால் தெளிவான நாளில் பக்கத்தில் போய் உட்கார். பிள்ளையையும் மடியில் வைத்துக்கொள்” என்றோம். சென்ற வாரம் அவள் மீண்டும் வந்தாள். ஒன்றரைப் பாட்டு கிடைத்திருக்கிறதாம். மீதி அரைக்காக இன்னொரு நல்ல நாளை எதிர்பார்த்திருக்கிறாள்.

வரும் மாதம் முதல், முதற் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் கைக்குழந்தைகளோடு தாய்மார் கூடலாம். எச்சமயத்தவரும் வரலாம். கட்டணம் இல்லை, பாட்டுப் பெட்டியும் இல்லை. பாட்டுச் சொல்லித் தருபவர்கள் நம் ஊர் ஆச்சிமார்களே.

வரும்போது உங்கள் வீட்டுப் பாட்டு ஒன்றையாவது எழுதி எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாத ஆச்சிமாரைக் கையோடு அழைத்து வாருங்கள். இம்முறை குறிப்பேடும் எழுதுகோலுமாக நாமே அமர்ந்திருப்போம்.